இடுப்பு மூட்டுச் சாவித்துவார அறுவை சிகிச்சை: கையொப்பமிடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், இடுப்பு மூட்டு வலிக்காகச் சிறு துளைகள் வழியே செய்யும் சாவித்துவார (கீஹோல்) அறுவை சிகிச்சையைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெரிய வெட்டு இல்லை, இரத்த இழப்பு குறைவு, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்று அதில் எழுதியிருந்தவை உண்மைதாம். ஆனால், மூட்டில் தேய்மானம் ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒருவருக்கு அந்தச் சிகிச்சை எவ்வளவு கைகொடுக்கும், அதைச் செய்துகொண்ட சிலருக்குச் சில ஆண்டுகளுக்குள் மூட்டையே மாற்ற வேண்டி வருவது ஏன் என்பதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த ஒரு வரியை 2014ஆம் ஆண்டில் யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன். அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிபவன். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அம்மா முப்பது ஆண்டு பால்மரம் வெட்டினார். பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையைப் போட்டுவிட்டுத் தோட்டத்துத் திடலுக்கு ஓடி, இருட்டும்வரை காற்பந்து ஆடுவதே எங்கள் பிள்ளைப் பருவம். தீபாவளியை ஒட்டித் தோட்டங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளில் பன்னிரண்டு வயதிலிருந்து ஆடினேன்; நாற்பது வயதிலும் ஆசிரியர் அணியில் இடம் இருந்தது. அந்த வயதில்தான் வலது தொடைச் சந்தில் வலி தொடங்கியது. மோட்டார் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கிப் போடும்போது சுருக்கென்று குத்தும். நீண்ட நேரம் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்க முடியும். காலுறை மாட்டுவதற்குக் குனிவது காலையில் செய்யும் வேலைகளிலேயே கடினமான வேலையாகிவிட்டது. 42 வயதில் சாவித்துவார அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 49 வயதில் அதே பக்கம் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. நடுவில் கழிந்த ஏழு ஆண்டுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இரண்டு ஆண்டு வீணாய்ப் போனதற்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழில் வேட்டி கட்டும் இடமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கிவைக்கும் பக்கமும் இடுப்பு, பிரசவ நோவும் இடுப்பு வலி, முதுகின் அடிப்பகுதி நோவதும் இடுப்பு வலி. தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தியிருக்கும் அந்த மூட்டு கெட்டால், வலி பெரும்பாலும் முன்பக்கத்தில், தொடையும் அடிவயிறும் சேரும் இடுக்கில்தான் தெரியும். அந்த இடத்துக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நாலு பேர் முன்னிலையில், அதுவும் அறிமுகமில்லாத தாதியிடம், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் சொல்லாக அது இருக்கிறது. எனவே பொதுவாக 'இடுப்பு வலி' என்கிறோம். அது மலாயில் 'சாக்கிட் பிங்காங்' ஆகிவிடுகிறது. பிங்காங் என்பது இடையையும் கீழ்முதுகையும் குறிக்கும். இடுப்பு மூட்டுப் பகுதிக்குப் பிங்குல் என்ற தனிச் சொல் இருக்கிறது. எனக்கு முதுகெலும்பைத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள், முதுகுக்குத்தான் மாத்திரை கொடுத்தார்கள். என் அம்மாவின் கதை இதைவிட மோசமானது. இடுப்பு மூட்டின் வலி நரம்பு வழியே முழங்காலில் தெரிவதுண்டு. அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தேய்த்தபடியே, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நடந்து, இன்று எழுபத்தாறு வயதில் இரண்டு இடுப்பு மூட்டுகளும் தேய்ந்த நிலையில் இருக்கிறார். அவருடைய இடுப்பு மூட்டை முதன்முதலாக எக்ஸ்ரே எடுத்ததே எனக்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகுதான்.

இம்மூட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். பந்தின் மேலும் குழியின் உள்ளும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. குழியின் வாயைச் சுற்றி ரப்பர் வளையம் போல ஒரு விளிம்பு உண்டு. மருத்துவர்கள் அதை லாப்ரம் என்பார்கள். மூட்டுக்குள் இருக்கும் நீர் வெளியே கசியாமல் அடைத்துப் பிடிப்பது அந்த வளையம். நாம் சாதாரணமாக நடக்கும்போதே நம் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் ஒவ்வோர் அடியிலும் இம்மூட்டின் மேல் இறங்குகிறது. இவ்வளவு பாரத்தைத் தாங்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இரத்தம் ஓடாததால் கிழிந்தால் தானாக ஆறுவது அரிது. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதில்லை. வலி வரும் நேரத்தில் தேய்மானம் பல ஆண்டுப் பழையதாக இருக்கக்கூடும்.

சிலருக்குப் பந்து முழு உருண்டையாக இல்லாமல், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியுடன் சேரும் இடத்தில் ஒரு மேடு வளர்ந்திருக்கும். சிலருக்குக் குழியின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருக்கும். காலை மடக்கித் திருப்பும்போதெல்லாம் எலும்போடு எலும்பு இடித்து, நடுவில் அகப்பட்ட வளையமும் குருத்தெலும்பும் நைந்துபோகும். இந்த இடிப்புதான் பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கிறது என்ற கருத்தை, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் விரிவாக முன்வைத்தனர். பந்தில் வளரும் மேடு பதின்ம வயதில், எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும்போது கடுமையாக விளையாடும் பிள்ளைகளிடம், குறிப்பாகக் காற்பந்து ஆடுவோரிடம், அதிகம் காணப்படுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மேடு இருக்கும் எல்லோருக்கும் வலி வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லாமல் இருப்போர் பலர். எனக்கு மேடும் இருந்தது, வலியும் இருந்தது, வளையமும் கிழிந்திருந்தது.

நான் பார்த்த தனியார் மருத்துவர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். கணினித் திரையில் மேட்டைக் காட்டினார், கிழிந்த வளையத்தைக் காட்டினார், இரண்டையும் சரிசெய்துவிடலாம் என்றார். மருத்துவக் காப்புறுதி அட்டை செலவை ஏற்றுக்கொண்டது. அறுவை மேசையில் பாதத்தைக் காலணி போன்ற ஒன்றில் பூட்டி, காலை இழுத்து, மூட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலக்கிய பிறகே உள்ளே கருவியை நுழைக்க முடியும். இம்மூட்டு அவ்வளவு இறுக்கமானது. 1931ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மைக்கேல் பர்மன் என்ற மருத்துவர் சடலங்களில் இதைச் செய்து பார்த்து, பந்துக்கும் குழிக்கும் நடுவே கருவியை நுழைப்பது இயலாத காரியம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். காலை இழுத்துப் பிடிக்கும் முறை வந்த பின்னரே வழி பிறந்தது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி இரண்டு மூன்று துளைகள் இட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் கருவிகளையும் செலுத்தி, உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே மேட்டைச் செதுக்குவார்கள், வளையத்தைத் தைப்பார்கள் அல்லது நைந்த பகுதியை வெட்டி எடுப்பார்கள். வெளியே தெரியும் தழும்பு மட்டும் விரல் நகத்தளவு. என்னைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார், "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு சார், இதுக்கா ஆபரேஷன்?" என்று வியந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தோலில் நடந்தது சிறிய காரியம், மூட்டுக்குள் நடந்தது எலும்பைச் செதுக்கிய காரியம் என்பது அப்போது என் மனத்தில் ஏறவில்லை. காலை இழுத்ததால் அடித்தொடையில் ஏற்பட்ட மரமரப்பு நீங்கவே பல வாரம் ஆனது.

ஊன்றுகோலை ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன். உடற்பயிற்சி சிகிச்சைக்கு வாரம் இருமுறை ஈப்போவுக்கு வரச் சொன்னார்கள். போக வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பள்ளித் தேர்வு நேரம் என்று சொல்லி நான்கு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். அது என் தவறு, அதை யார்மேலும் சுமத்த மாட்டேன். ஆறாவது மாதம் வலி பாதிக்குமேல் குறைந்திருந்தது, ஒரு ஆட்டத்தில் இருபது நிமிடம்கூட ஆடினேன். இரண்டாவது ஆண்டின் இறுதியில் பழைய வலி திரும்பியது. ஆனால் அது பழைய வலியாகவும் இல்லை. முன்பு காலைத் திருப்பினால் குத்தும். இப்போது ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் ஆழத்தில் ஒரு நோவு. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்குள் தளரும் இறுக்கம். கால் உள்பக்கமாகத் திரும்ப மறுத்தது. ஆபரேஷன் புண் இன்னும் உள்ளே ஆறவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, மருந்தகத்தில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி, மேலும் இரண்டு ஆண்டைக் கடத்தினேன். இரண்டு ஆண்டு கழித்துமா ஒரு புண் ஆறாமல் இருக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கடைசியில் அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் பிரிவுக்கு, ஐந்து ரிங்கிட் கட்டணம் செலுத்திச் சென்றேன். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் புதிய எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லவில்லை. பழைய படங்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். பீரோவின் அடித்தட்டிலிருந்து 2014ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துச் சென்றேன். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, பந்துக்கும் குழியின் கூரைக்கும் நடுவே தெரியும் கருப்பு இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அது இருக்கும் இடம் இடைவெளியாகத் தெரியும். நல்ல மூட்டில் அது 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். புதிய படத்தில் இடைவெளியே இல்லை, எலும்பு எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. பழைய படத்தில், அதாவது எனக்கு அறுவை சிகிச்சை நடப்பதற்கு முன்பே, அது 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தது. அந்தப் படம் ஐந்து ஆண்டாக என் வீட்டுப் பீரோவிலேயே இருந்தது, ஐயா. மேட்டையும் கிழிசலையும் காட்டிய திரையில் அந்த இடைவெளியும் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்குச் சாவித்துவார சிகிச்சை நீடித்த பலன் தருவது அரிது, அவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் மூட்டு மாற்று தேவைப்படுகிறது என்பது இன்று இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சாவித்துவார அறுவை சிகிச்சையும் மறு பிரிவினருக்கு முறையான உடற்பயிற்சி சிகிச்சையும் அளித்து ஒப்பிட்ட ஆய்வு 2018ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினருமே முன்னேற்றம் கண்டிருந்தனர். இடுப்பு சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் நூறு புள்ளி அளவுகோலில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ 7 புள்ளி மேலே இருந்தனர். சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு அது சான்றுதான். ஆனால் இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்களையும் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தவர்களையும் அந்த ஆய்வில் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படியானால் அந்த ஏழு புள்ளி என்னைப் போன்றவனுக்குரிய கணக்கு அன்று. தங்கள் கட்டுரையில் 'ஆய்வுகள் நிரூபித்துள்ளன' என்ற சொற்றொடரைப் படித்தபோது, யாருக்கு நிரூபித்துள்ளன என்று கேட்கத் தோன்றியது. மேட்டைச் செதுக்கிவிட்டால் எதிர்காலத்தில் தேய்மானமே வராது என்பதும் இன்னும் உறுதிப்படுத்தப்பட்ட உண்மை இல்லை.

என் மூட்டு ஏன் இவ்வளவு விரைவில் போனது என்று அரசாங்க மருத்துவமனையின் அந்த மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. தேய்மானம் முன்பே தொடங்கியிருந்ததால் அறுவை சிகிச்சை இல்லாவிட்டாலும் மூட்டு கெட்டுத்தான் இருக்கும். சற்று முன்போ பின்போ என்பதுதான் வேறுபாடு என்றார். அதே வேளையில், அறுவை சிகிச்சையே மூட்டுக்குக் கெடுதலாகும் வழிகளும் உண்டு என்பதை மறைக்கவில்லை. மேட்டைப் போதிய அளவு செதுக்காமல் விட்டால் இடிப்பு தொடரும். மறுபடியும் அறுவை மேசைக்கு வருவோரிடம் அடிக்கடி காணப்படும் காரணம் அதுதான். அளவுக்கு மிஞ்சிச் செதுக்கினால் எலும்பின் கழுத்து பலவீனமாகி முறியவும் கூடும். வளையத்தைத் தைக்காமல் அதிகமாக வெட்டி எடுத்துவிட்டால், மூட்டு நீரை அடைத்துப் பிடிக்கும் அணை உடைந்ததாகிவிடும். உள்ளே நுழைவதற்காக மூட்டின் உறையை வெட்டிவிட்டு மூடாமல் விட்டால், சிலருக்குப் பந்து குழிக்குள் நிலையாக நிற்காது. பிறவியிலேயே குழி ஆழமில்லாமல் இருப்பவர்களுக்கு இது பெரும் ஆபத்து. இறுக்கமான மூட்டுக்குள் கருவியை நுழைக்கும்போதே குருத்தெலும்பில் கீறல் விழுவதும் உண்டு. என் அறுவைக் குறிப்பின் நகலை மனுச் செய்து வாங்கிப் பார்த்தபோது, குழியின் கூரையில் குருத்தெலும்பு உரிந்திருந்ததாகவும் வளையத்தின் ஒரு பகுதி வெட்டி நீக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தது. தைப்பதாகத்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. உள்ளே பார்த்த பிறகு மருத்துவர் முடிவை மாற்றியிருக்கலாம், அதற்கு அவருக்கு நியாயமான காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் மாற்றியதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குச் சாவித்துவார அறுவை செய்த தனியார் மருத்துவர்மேல் வழக்குப் போடச் சொன்ன நண்பர்கள் உண்டு. நான் போடவில்லை, போடும் எண்ணமும் இல்லை. 2014ஆம் ஆண்டில் மேலே சொன்ன ஆய்வு முடிவு வந்திருக்கவில்லை என்பதை நான் மறக்கக் கூடாது. ஆயினும், ஒரு நோயாளிக்கு எந்த அபாயத்தைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு இறுதியிலேயே ஒரு தீர்ப்பில் தெளிவுபடுத்தியிருக்கிறது. தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கத் தேவையானதை அறிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. அறுவைக்கு முந்திய இரவில் தாதி கொண்டுவந்த ஒப்புதல் படிவத்தில் நான் கையொப்பமிட்டேன். மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த எனக்கே அதில் இருந்த சொற்களின் முழுப் பொருள் விளங்கவில்லை என்றால், தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த என் அம்மாவைப் போன்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து ஆட்கள் பலர் மருத்துவரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாகவே கருதுகிறார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியிடமும் மேற்பார்வையாளரான மண்டோரிடமும் தலையசைத்துப் பழகிய பழக்கம் மருத்துவமனையிலும் தொடர்கிறது.

எனவே, அடுத்த முறை நலவாழ்வுப் பக்கத்தில் இப்பொருளைப் பற்றி எழுதும்போது, நோயாளி கேட்க வேண்டியவற்றையும் சேர்த்து எழுதும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மூட்டின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. தேய்மானத்தை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கும் டோனிஸ் முறையில் நான் எந்தப் படியில் இருக்கிறேன், என் குழி போதிய ஆழமுள்ளதா, வளையத்தைத் தைப்பீர்களா வெட்டுவீர்களா, உறையை மூடுவீர்களா, இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், மூன்று மாதம் ஒழுங்காக உடற்பயிற்சி சிகிச்சை செய்து பார்த்துவிட்டு வந்தால் காலம் கடந்துவிடுமா என்றெல்லாம் கேட்கலாம். ஆனால் முதல் கேள்விக்கு மட்டுமாவது எண்ணில் விடை பெறாமல் எவரும் கையொப்பமிடக் கூடாது என்பது என் கருத்து.

தேய்மானம் வந்துவிட்டவர்களுக்கும் ஓரிரு செய்தி. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சந்தையில் நான் பார்க்கும் பெரியவர்களில் பாதிப் பேர் வலிக்கும் பக்கத்திலேயே பிடித்து நடக்கிறார்கள், அதனால் மூட்டின் பாரம் குறைவதில்லை. பிட்டத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் மாத்திரையைவிட நீண்ட நாள் கைகொடுக்கும். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நிலையில், மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரைகளை மாதக் கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் ஜாமு எனப்படும் சில நாட்டு மருந்து மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று மகிழ்வோர், ஸ்டீராய்டை நெடுநாள் உட்கொண்டால் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பே இறந்துபோகக்கூடும் என்பதை அறிய வேண்டும்.

மூட்டு மாற்று சிகிச்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962ஆம் ஆண்டில் வகுத்த முறையை அடியொற்றி உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சை அது. பொருத்தப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டு நீடிக்கின்றன என்று 2019ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. எழுபது வயதில் செய்துகொள்பவருக்கு அது ஆயுளுக்கும் போதும். 49 வயதில் செய்துகொண்ட எனக்கு இன்னொரு முறை தேவைப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். இம்முறை எனக்கு எல்லாமே முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். இன்று காலுறையை நானே மாட்டிக்கொள்கிறேன், வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறேன். மணையில் உட்கார்வதையும் கோயிலில் சம்மணமிடுவதையும் விட்டுவிட்டேன். திடலுக்குப் போகிறேன், ஆனால் கோட்டுக்கு வெளியே நாற்காலியில்தான் இடம்.

இத்தனையும் இப்போது எழுதுவதற்கு உடனடிக் காரணம் என் முன்னாள் மாணவன் ஒருவன். பதினேழு வயது, நல்ல ஆட்டக்காரன். அவனுக்கும் அதே மேடு, அதே இடுக்கில் வலி. அவனுடைய தாயார் தங்கள் நாளிதழின் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "கீஹோல்தானே சார், ரெண்டே நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்னு போட்டிருக்காங்க. இவங்க அப்பா சேமநிதியில எடுக்க முடியுமான்னு பாக்குறாரு" என்றார். அவனுக்கு இச்சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இளம் வயது, குருத்தெலும்பு முழுமையாக இருந்தால் இச்சிகிச்சையால் அதிகம் பயனடையக்கூடியவர்கள் அவனைப் போன்றவர்கள்தாம். ஆனால் படம் எங்கே, இடைவெளி எவ்வளவு என்று நான் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. முதுகை எக்ஸ்ரே எடுத்ததாகச் சொன்னார். இடுப்பு வலி என்றுதான் அவரும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பையனைக் கூப்பிட்டு, வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொன்னேன். கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலுமாக இடுப்பின் பக்கவாட்டை வளைத்துப் பிடித்துக் காட்டினான். இடுப்பு மூட்டு நோயாளிகள் பலர் காட்டும் அடையாளம் அது. நிபுணரிடம் வாயால் சொல்வதற்கு முன் இப்படிக் காட்டு, தமிழோ மலாயோ தேவையில்லை என்று சொல்லி அனுப்பினேன். கேள்விகளை அவன் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். வரும் வியாழக்கிழமை ஈப்போவில் பார்வை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் அவர்களோடு போகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்